ஓய்வு பெற்றவர்களிடம் ஊர் கேட்க வேண்டிய வேலை

உங்கள் ஊரில் வேலை முடிந்து வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருப்பார். கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், வங்கிக் காசாளர், மின்வாரிய லைன்மேன், பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடிய லஸ்கர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்று கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் பத்துப் பேராவது தேறுவார்கள். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது. 2021-ல் 60 ஆனது. அறுபதில் வீட்டுக்கு வருகிற பலருக்கு இன்னும் பத்து வருடம் ஓடியாடி வேலை செய்யத் தெம்பு இருக்கிறது. பட்டாளத்துக்காரர்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே திரும்பிவிடுகிறார்கள்.

அதே தெருவில் இன்னொருவர் இருக்கிறார். நெல் மூழ்கிப் போனது, பிரீமியமும் கட்டியிருந்தார். ஆனால் விண்ணப்பத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு தவறாக ஏறிவிட்டது. பக்கத்து வயல்காரருக்கு இழப்பீடு வந்தது; இவருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

இந்த இருவரும் டீக்கடையில் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவரிடம் நேரமும் அனுபவமும் இருக்கின்றன. இன்னொருவருக்கு அவைதான் தேவைப்படுகின்றன. ஆனாலும் இவர் கேட்பதில்லை, அவர் சொல்வதில்லை. "சார் பெரிய வேலையில இருந்தவரு, அவருகிட்ட போய் இதைக் கேக்கறதா" என்று விவசாயி தயங்குகிறார். "கூப்பிடாம போய் நின்னா மரியாதையா இருக்குமா" என்று அவர் நினைக்கிறார். இந்தத் தயக்கத்தை உடைப்பதுதான் நம் முதல் வேலை. ஓய்வு பெற்றவர்களிடம் நன்கொடையும் தலைமையுரையும் கேட்பதை நிறுத்திவிட்டு, திட்டமான ஒரு சின்ன வேலையைக் கேளுங்கள் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

பெரிய எடுத்துக்காட்டுகள் தரும் பயம்

ஓய்வு பெற்றவர்களின் ஊர்த்தொண்டு என்று பேச்செடுத்தால் மேடையில் உடனே வருவது ராலேகான் சித்தி. இராணுவத்தில் ஓட்டுநராக இருந்த அண்ணா ஹசாரே 1975-ல் மகாராஷ்டிரத்தின் அப்போதைய அகமதுநகர் மாவட்டத்தில் இருந்த தன் ஊருக்குத் திரும்பினார். மழை குறைந்த அந்த ஊரில் மழைநீரை மண்ணில் நிறுத்தும் வேலைகளை ஊராரைச் சேர்த்துச் செய்தார். கிணறுகளில் நீர் ஏறியது. 1990-ல் பத்மஸ்ரீயும் 1992-ல் பத்மபூஷணும் கிடைத்தன.

நம் எம்.எஸ்.சுவாமிநாதனையும் சொல்வார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநர் பொறுப்பை முடித்துவிட்டு 1988-ல் நாடு திரும்பி, சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அவருக்கு 60 வயது தாண்டியிருந்தது.

இரண்டும் உண்மையான, பெருமைக்குரிய கதைகள்தான். ஆனால் இவற்றைக் கேட்கிற ஓய்வு பெற்ற எழுத்தர் என்ன நினைப்பார்? "அதெல்லாம் பெரிய மனுசங்க செய்யறது, நம்மால ஆகாது" என்று ஒதுங்கிவிடுவார். ஒதுங்காதவர் சிலர் நேர் எதிராகப் போவார்கள்: சங்கம் ஆரம்பித்து, பெயர்ப்பலகை மாட்டி, ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். ஓர் ஊருக்கு ஒரு ஹசாரே கிடைப்பது அபூர்வம். வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பத்தைச் சரிபார்க்க ஓர் ஆள் கிடைப்பது எல்லா ஊரிலும் முடியும்.

என்னென்ன வேலைகளைக் கேட்கலாம்?

முதலாவது, காகித வேலை. இன்றைக்கு விவசாயிக்கு வரவேண்டிய பணம் வயலில் நிற்பதைவிடக் காகிதத்தில் நிற்பதுதான் அதிகம் என்பது என் கருத்து. பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. இ-கேஒய்சி முடிக்காமலோ, ஆதாரை வங்கிக் கணக்குடன் இணைக்காமலோ விட்டால் தவணை நின்றுவிடும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு 2025-ல் தொடங்கியபோது பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று எத்தனை பேர் திண்டாடினார்கள் என்பது விரிவாக்கப் பணியாளர்களுக்குத் தெரியும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, கூட்டுப் பட்டா, 1980-களில் நடந்த யுடிஆர் திட்டத்தின்போது விழுந்த பெயர்ப் பிழை ஆகியவற்றை எல்லாம் அடையாளம் கண்டு, எந்த மனுவை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலரைவிடத் தகுதியானவர் யார்?

பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் காரிஃப் உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், தோட்டக்கலை மற்றும் வணிகப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. 2020-லிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை. எனவே சேர்வதா, வேண்டாமா என்று விவசாயி தானே முடிவெடுத்து, தானே கவனித்துச் சேர வேண்டும். கடைசி நாளன்று பொது சேவை மையத்தில் கூட்டம் நெரியும்போது தட்டச்சுப் பிழைகள் விழுகின்றன. ரசீது கையில் வந்த உடனே நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: வருவாய் கிராமத்தின் பெயர், சர்வே எண்ணும் உட்பிரிவும், பயிரின் பெயரும் பரப்பும், வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும். சில ஆண்டுகளுக்கு முன் வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறின. பழைய பாஸ்புத்தகத்தைப் பார்த்து எழுதினால் சிக்கல்தான். ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

அறுத்துப் போட்ட கதிர் வயலில் காயும்போது புயல் மழையில் நனைந்தால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை அந்த இழப்புக்கும் திட்ட விதியில் இடம் இருக்கிறது. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கு உங்கள் மாவட்டத்துக்கான அறிவிக்கையில் இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை முன்கூட்டியே படித்து வைக்க ஒருவர் வேண்டும். மழையில் நெல்லைக் காப்பாற்ற ஓடுகிறவர் அறிவிக்கையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. படித்து வைத்தவர், 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணை அழைக்கச் சொல்லி நினைவூட்டினால் போதும்.

இரண்டாவது, மழைக் கணக்கு. செலவு மிகக் குறைவு. ஒழுங்கு மட்டும் வேண்டும். அந்த ஒழுங்கு முப்பது வருடம் மணி அடித்தால் வகுப்புக்குப் போன வாத்தியாரிடம் இருக்கிறது. மரமோ சுவரோ மறைக்காத திறந்த இடத்தில் ஒரு மழைமானியை வைத்து, வானிலைத் துறை செய்வதுபோல் தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 25 மில்லிமீட்டர் மழை சுமார் ஒரு லட்சம் லிட்டர். "நேத்து நல்ல மழை" என்பதற்கும் "நேத்து 25 மில்லிமீட்டர்" என்பதற்கும் உள்ள வித்தியாசம், மோட்டார் போடுவதா வேண்டாமா, மேலுரம் இன்றைக்கு இடுவதா இரண்டு நாள் பொறுப்பதா என்பதில் தெரியும். இந்த நோட்டு காப்பீட்டுக்கு அத்தாட்சி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஐந்து வருடம் எழுதினால், தாலுகா மழைக்கும் உங்கள் ஊர் மழைக்கும் உள்ள தூரம் புரியும். மானாவாரிக்காரருக்கு அதுவே பெரிய உதவி.

மூன்றாவது, ஏரி, கண்மாய். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. 2000-ல் வந்த பாசன மேலாண்மைச் சட்டப்படி பல இடங்களில் பாசன சபைகள் அமைக்கப்பட்டன. குடிமராமத்துத் திட்டத்தை 2017-ல் அரசு மீண்டும் தொடங்கியது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்து வாய்க்காலைத் தலை முதல் கடை வரை நடந்து பார்த்தவர் யார் என்று கேட்டால் பல ஊர்களில் பதில் இல்லை. ஓய்வு பெற்ற லஸ்கருக்கு எந்த மடை கசியும், எந்த இடத்தில் கரை பலவீனம், கலிங்கில் எவ்வளவு உயரம் வரை நீர் நிற்கலாம் என்பதெல்லாம் மனப்பாடம். ஆவணி, புரட்டாசியில் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாள் நடந்தால் போதும். எங்கே அடைப்பு, எங்கே கதவு இல்லை, எங்கே குழாய் உடைந்திருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்துவிடலாம். நில அளவைத் துறையில் இருந்தவர் ஊரில் இருந்தால் புலப்படத்தைப் பார்த்து வாய்க்காலின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுவார். அந்த ஒரு பக்கம் பாசன சபைக்கும் ஊராட்சிக்கும் போகட்டும். ஆக்கிரமிப்புக்காரரோடு சண்டை போடுவது இவர்கள் வேலை கிடையாது. அளவைச் சொல்வது மட்டும்தான்.

நான்காவது, கணக்கு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல நல்ல எண்ணத்தோடு தொடங்கி, கணக்குத் தாக்கல் செய்யாமலே நொடித்துப்போகின்றன. நிறுவனச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்குழு நடந்த 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கையும் 60 நாளுக்குள் ஆண்டு விவர அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் நூறு நாள் தாமதமானால் 20,000 ரூபாய். அது உரம் விற்ற லாபத்தைத் தின்றுவிடும். தணிக்கையாளர் வேண்டும்தான். ஆனால் அவருக்கு முன்னால் ரசீதுகளை மாதாமாதம் தேதிவாரியாக ஒட்டி, இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க ஊரிலேயே ஒருவர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓய்வு பெற்ற கூட்டுறவுச் செயலாளர்கள், கருவூல எழுத்தர்கள் இதற்கென்றே பிறந்தவர்கள். ஒரு நிபந்தனை: காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். கணக்குப் பார்ப்பவர் வேறு, பணம் எடுப்பவர் வேறாக இருப்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

ஐந்தாவது, மருந்து தெளிப்பு. ஓய்வு பெற்ற செவிலியர்களை ஊர் மறந்தே போகிறது. பூச்சிமருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தில் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். தெளிக்கப் போகிறவருக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இதைச் சொல்லித்தருவது, காற்று அடிக்கும் திசைக்கு எதிரே நின்று தெளிக்காதே என்பது, மயக்கம் வந்தால் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போகச் சொல்வது எல்லாம் ஊரார் நம்பும் ஒரு செவிலியர் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் சிகிச்சையை உடனே தொடங்க முடியும். இது ஓர் உயிர் விஷயம்.

வேலைக்கு வேண்டிய கட்டுப்பாடுகள்

இப்படிப்பட்ட உதவி எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் பேச வேண்டும்.

முதலில் இடம். உதவி செய்பவரின் வீட்டுத் திண்ணையில் வேண்டாம். கோயில் மண்டபத்திலும் வேண்டாம். எல்லாத் தெருக்காரர்களும் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடம் வேண்டும். நூலகம், ஊராட்சி அலுவலகம், பள்ளி ஆகியவை நல்லவை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, எல்லாச் சாதியினரும் பெண்களும் தடையில்லாமல் வந்துபோகும் பொது இடமாக இருக்க வேண்டும் என்று ஊராரிடம் நிபந்தனை வைத்தது. குத்தகைக்கு உழுகிறவருக்கும், அரை ஏக்கர் வைத்திருக்கும் விதவைப் பெண்ணுக்கும்தான் இந்த உதவி மிக அதிகம் தேவை. அவர்கள் வர முடியாத இடத்தில் நடந்தால் அது ஊர்த்தொண்டு ஆகாது.

இரண்டாவது, நாளும் நேரமும். "எப்ப வேணாலும் வாங்க" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஒரு மாதத்தில் இருவருக்கும் சலிப்பாகிவிடும். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று எழுதிப் போடுங்கள்.

மூன்றாவது, பணமும் ரகசியமும். விண்ணப்பக் கட்டணத்தைக்கூடக் கையில் வாங்கக் கூடாது. விவசாயியின் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்கக் கூடாது. ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை நல்லெண்ணத்தில் வாங்கினாலும், நாளைக்கு எங்கோ ஒரு கணக்கில் பணம் குறைந்தால் பழி இவர்மேல்தான் விழும். அரசு அலுவலகத்தில் "நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்ற பேச்சும் வேண்டாம். இடைத்தரகர் பிறப்பது அந்த ஒரு சொல்லில்தான். மனு எழுத உதவலாம். மனுவோடு போக வேண்டியவர் விவசாயியே.

நான்காவது, பழைய பதவி. முப்பது வருடம் நாற்காலியில் இருந்து கையெழுத்துப் போட்டவருக்கு, கேள்வி கேட்பவர் நின்றுகொண்டிருப்பது இயல்பாகத் தெரியலாம். இங்கே இருவரும் உட்கார வேண்டும். விதிமுறைகளும் மாறிவிட்டன, முன்பு அடங்கல் கேட்டு நடந்த இடத்தில் இன்று இணையப் பக்கம் இருக்கிறது. எனவே கைப்பேசி தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெரியவருக்கு விதி தெரியும். பிள்ளைக்குத் திரை தெரியும். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளையே அடுத்த ஆளாகிவிடும்.

"அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?"

இந்தக் கேள்வி நியாயமானது. ஒரு வேளாண் உதவி அலுவலர் பல ஊர்களைச் சுமக்கிறார். காலியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. ஓய்வு பெற்றவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக அந்தப் பணியிடம் தேவையில்லை என்று யாரும் கணக்குப் போட இடம் கொடுக்கவும் கூடாது. சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக வாங்குவது தொண்டு ஆகாது. நம் ஏரிப் பாசனத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவர்களுக்கு ஊர் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்தது. ராத்திரியில் மடையில் காவல் கிடந்தவர் உழைப்புக்கு ஊர் கூலி கொடுத்தது. இன்றைக்கும் வாய்க்கால் வெட்டுகிறவருக்குக் கூலி உண்டு; மழைமானி பார்க்கிறவர் ஓய்வூதியம் வாங்குகிறவராக இருந்தால் அவர் இலவசமாகச் செய்யட்டும். இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

ஆனால் காலியிடம் நிரம்பும் வரை காத்திருந்தால் இந்தப் பருவத்துக் காப்பீட்டுத் தேதி காத்திருக்காது. முழுப் பணியிடமும் நிரம்பிய நாளிலும்கூட, ரசீதில் உள்ள உட்பிரிவு எண்ணை ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சரிபார்க்க அலுவலருக்கு நேரம் இருக்காது. அந்த இடைவெளி பக்கத்து வீட்டுக்காரர் நிரப்ப வேண்டியது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் கிராமங்களில் ஓய்வு பெற்றவர்களின் பட்டியல் ஒன்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், என்ன வேலை பார்த்தார், எந்த நாள் வசதி. அட்மா திட்டத்தின் உழவர் நண்பர்களிடம் கேட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பட்டியலில் பெண்கள் பெயர் இல்லை என்றால் அது முழுமையான பட்டியல் அல்ல. பருவம் தொடங்கும் முன் அரை நாள் அவர்களைக் கூப்பிட்டு, அந்தப் பருவத்து விதிகளையும் தேதிகளையும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். பிறகு சந்தேகம் கேட்டால் கைப்பேசியை எடுங்கள். தவறான தகவலைச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் நல்லவர்களை ஒதுங்கச் செய்கிறது. "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர்கள் சொல்லத் துணிய வேண்டுமானால், கேட்பதற்கு நீங்கள் இருக்க வேண்டும். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 எண்ணையும் அவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். உங்கள் துறையின் இலக்கை எட்ட ஆள் சேர்க்கும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். அன்றோடு அவர்கள் மீது ஊர் வைத்த நம்பிக்கை போய்விடும்.

விவசாயிகளே, நீங்கள் கேட்கும் விதமும் முக்கியம். "ஊருக்கு ஏதாவது செய்யுங்க சார்" என்றால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். "சார், வர்ற ஐப்பசி முழுக்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூலகத்துல உக்காந்து எங்க காப்பீட்டு ரசீதைப் பார்த்துக் குடுங்க" என்று கேளுங்கள். மாதம், கிழமை, இடம், வேலை நான்கும் சொல்லிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. ஒரு பருவம் முடிந்ததும் விட்டுவிட அவருக்கு வழியும் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கவோ கண் அறுவைக்கோ அவர் போக வேண்டியிருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, வந்தவர், கேட்டது, சொன்னது என்று எழுதி வாருங்கள். பத்து ரசீதில் மூன்றில் பிழை இருந்தது என்று அந்த நோட்டைப் பார்த்து கிராம சபையில் எழுந்து சொன்னால், அது புகாராக இருக்காது, கணக்காக இருக்கும். கணக்கைத் தட்டிக்கழிப்பது எந்த அலுவலருக்கும் கடினம்.

2022-லிருந்து ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து வருவது எந்த நாள் என்று பாருங்கள். அன்றைக்கு உங்கள் ஊருக்கான கோரிக்கைகளோடு இன்னொரு பொருளையும் சேருங்கள்: ஓய்வு பெற்றவர்களில் யார், எந்த வேலையை, எந்தக் கிழமையில் எடுத்துக்கொள்கிறார்கள்? ஒருவர் கை உயர்த்தினால் போதும். மறுநாளே நூலகத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டுவிடுங்கள்.